கண்மாயைத் தூர்வாரும் முன்: வரத்துக்காலில் தொடங்கி ஊர்கூடிச் செய்யும் மராமத்து

ஊர்க் கண்மாயைக் காப்பாற்ற வேண்டும் என்று இளைஞர்கள் கூடினால், முதலில் ஜேசிபிக்கு முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். உள்வாயில், அதாவது கண்மாயின் உட்பரப்பில், மண் அள்ளுவதும் கரையில் குவிப்பதும் புகைப்படம் எடுப்பதும் நடக்கின்றன. ஐப்பசியில் மழை கொட்டினாலும் கண்மாய்க்கு முழங்கால் தண்ணீர்தான் வருகிறது. தண்ணீர் வரும் வழி அடைபட்டுக் கிடக்க, தண்ணீர் நிற்கும் இடத்தை மட்டும் சரிசெய்தால் இப்படித்தான் ஆகும்.

மழை விழும் மேட்டு நிலம், அங்கிருந்து நீரைக் கொண்டுவரும் ஓடை, அதைக் கண்மாய்க்குள் சேர்க்கும் வாய்க்காலான வரத்துக்கால், கண்மாய், நிரம்பிய நீர் வழியும் கலுங்கைத் தாண்டிப் போகும் உபரி நீர் எல்லாம் சேர்ந்ததுதான் ஒரு நீர்ப்பிடிப்பு. அதில் வேலை செய்யும் வரிசை மிக முக்கியம். வைகை, குண்டாறு படுகைகளில் உள்ள மானாவாரிக் கண்மாய்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். ஏரி, குளம் என்று அழைக்கும் மற்ற ஊர்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

1. ஒரு மழைக்காலம் முன்பே நடந்து பாருங்கள்

வேலை கோடையில் நடக்கும். ஆனால் எங்கே வேலை என்று காட்டுவது மழைதான். ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்து ஓய்ந்த ஒரு மணி நேரத்துக்குள், நாலைந்து பேர் கண்மாயிலிருந்து வரத்துக்கால் வழியாக மேலே ஏறிப் போங்கள். கையில் ஒரு நோட்டும் செல்போனும் போதும்.

குறிக்க வேண்டியவை: தண்ணீர் எங்கே நிற்கிறது, எங்கே வேறு பக்கம் திரும்பிப் போகிறது, எந்த இடத்தில் செம்மண் கலங்கலாக வருகிறது, எந்தப் பாலத்தில் தேங்குகிறது. ஒவ்வோர் இடத்திலும் போனில் இருப்பிடத்தோடு படம் எடுங்கள். கோடையில் எல்லா இடமும் ஒரே பொட்டலாகத்தான் தெரியும்; அப்போது நினைவை நம்ப முடியாது.

மடையைத் திறந்து நீரைப் பங்கிடும் நீர்பாய்ச்சி அல்லது மடைக்குடும்பன் என்று ஊரில் யாராவது இருந்தால் அவரை அழைத்துக்கொண்டு போங்கள். இப்போது அந்தப் பொறுப்பில் ஆள் இல்லை என்றால், ஆடு மேய்ப்பவர்களைக் கேளுங்கள். எந்த வரப்பை யார் எப்போது உடைத்தார்கள் என்பது வரை அவர்களுக்குத் தெரியும்.

2. காகிதத்தில் கண்மாய் எவ்வளவு பெரியது என்று பாருங்கள்

கண்ணுக்குத் தெரியும் கண்மாயும் பதிவேட்டில் உள்ள கண்மாயும் ஒன்றாக இருப்பது அபூர்வம். அதனால் எதையும் தொடும் முன் இவற்றைத் திரட்டுங்கள்: கிராம வரைபடம், ஒவ்வொரு சர்வே எண்ணின் நில விவரமும் உள்ள அ பதிவேடு, வரத்துக்கால் போகும் ஒவ்வொரு சர்வே எண்ணின் புலப்படம் (நில அளவைப் படம்). அ பதிவேட்டையும் புலப்படத்தையும் தமிழக அரசின் நில ஆவண இணையதளத்திலேயே பார்க்கலாம். கிராம வரைபடத்துக்குக் கிராம நிர்வாக அலுவலரைப் பாருங்கள்.

அப்புறம், கண்மாய் யாருடைய பொறுப்பு என்று தெரிந்துகொள்ளுங்கள். பொதுவாக ஆயக்கட்டு, அதாவது கண்மாய் நீரில் பாசனம் பெறும் நிலம், 100 ஏக்கருக்கு மேல் இருந்தால் நீர்வளத்துறை, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். இது தெரியாமல் மனுவைத் தவறான மேசையில் கொடுத்துவிட்டு ஒரு கோடையையே இழந்த ஊர்கள் உண்டு. முழு நீர்மட்டம், கொள்ளளவு, கலுங்கின் நீளம், வயலுக்கு நீர் திறக்கும் மடைகளின் அடிமட்டம் ஆகிய விவரங்களையும் அந்தத் துறையிடம் எழுதிக் கேளுங்கள். பின்னால் எவ்வளவு ஆழம் தோண்டலாம் என்பது இந்த எண்களைப் பொறுத்ததுதான்.

இந்தக் கட்டத்திலேயே ஒரு சிறிய கணக்கும் போட்டுப் பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். 100 ஹெக்டேர் மேட்டு நிலத்தில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 50,000 கன மீட்டர். அதில் ஐந்தில் ஒரு பங்கு ஓடிவந்தால் 10,000 கன மீட்டர். அதாவது ஒரு ஹெக்டேர் பரப்பில் ஒரு மீட்டர் உயரத்துக்கு நீர். உங்கள் மேட்டு நிலத்துக்கும் பருவ மழைக்கும் இப்படிக் கணக்குப் போட்டு, கண்மாயின் கொள்ளளவு அதைவிடப் பல மடங்கு என்றால், இன்னும் ஆழமாக்குவதால் பயன் இல்லை. வரத்தில்தான் கவனம் வேண்டும்.

3. கூட்டம்: ஆயக்கட்டில் நிலம் இல்லாதவர்களையும் கூப்பிடுங்கள்

ஆயக்கட்டுதாரர்கள் மட்டும் கூடினால் வேலை பாதியில் நின்றுவிடும். மேட்டில் நிலம் வைத்திருப்பவர் வரப்பை மாற்ற வேண்டியிருக்கும், ஆட்டுக்காரர் கிடையை மாற்ற வேண்டியிருக்கும், மீன் குத்தகை எடுத்தவருக்கு அந்த ஆண்டு நட்டம் வரும். இவர்கள் கூட்டத்தில் இல்லையென்றால் ஒவ்வொருவரும் தனித்தனியாக வேலையைத் தடுப்பார்கள். அவர்கள் பக்கத்து நியாயமும் இருக்கும்.

மேலூர்க்காரர்களையும் கீழூர்க்காரர்களையும் மறக்காதீர்கள். நம் பக்கத்துக் கண்மாய்கள் பெரும்பாலும் தொடர் கண்மாய்கள். மேல் கண்மாய் நிரம்பி மறுகால் போனால்தான் (கலுங்கு வழியாக வழிந்தால்தான்) அடுத்ததற்குத் தண்ணீர். மேலே ஆழம் கூடினால் கீழே தண்ணீர் வரும் நாள் தள்ளிப்போகும். என்ன செய்யப்போகிறோம், கலுங்கு மட்டத்தைத் தொடமாட்டோம் என்பதைக் கீழூர் பெரியவர்கள் முன்னிலையில் எழுதி, கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். தூர்வாரி முடித்த பிறகு பேசப் போனால் அது பஞ்சாயத்தாகிவிடும்.

கிராம சபையில் தீர்மானம் போடுவது அடுத்தது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடும். கோடை வேலைக்கு ஜனவரி 26 கூட்டத்தைப் பிடியுங்கள். மார்ச் வரை காத்திருந்தால் அனுமதி கைக்கு வருவதற்குள் ஆடி பிறந்துவிடும். தீர்மானத்தில் ‘நீர்நிலையைப் பாதுகாப்பது’ என்று பொதுவாக எழுதாமல், சர்வே எண், வேலை, காலம், பொறுப்பாளர்கள் ஆகிய நான்கையும் எழுதச் சொல்லுங்கள்.

பணத்துக்கு வங்கிக் கணக்கு தொடங்கி, மூன்று பேரில் இருவர் கையெழுத்திட்டால்தான் எடுக்கலாம் என்று வையுங்கள். வரவு செலவை மாதம் ஒருமுறை ஊர்ச்சாவடியில் ஒட்டுங்கள். கணக்கில் சந்தேகம் வந்த ஊரில் அடுத்த ஆண்டு உழைக்க ஆள் வராது.

4. அனுமதியும் ஆக்கிரமிப்பும்

ஊர்க்கண்மாய்தானே என்று அனுமதி இல்லாமல் மண் எடுத்தால் கனிமவள வழக்கு வரும். வண்டி பறிமுதலாகும். விவசாயத்துக்கு வண்டல் எடுக்க வட்டாட்சியரிடம் விண்ணப்பிக்கலாம். ஏக்கருக்கு இவ்வளவு என்ற வரம்பும் உண்டு. கரை, மடை, கலுங்கு ஆகியவற்றில் கைவைக்கப் பராமரிக்கும் துறையின் எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும். மேட்டுப்பகுதி காப்புக்காடாக இருந்தால், வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு கல்லைக்கூடப் புரட்டாதீர்கள்.

ஆக்கிரமிப்பை நீங்களே போய் அகற்றாதீர்கள். அது அடிதடியில் முடியும். அதோடு ஊர் இரண்டாகும். எல்லையை அளந்து கல் நட நில அளவருக்கு மனு கொடுங்கள். நீர்வளத்துறைக் கண்மாய் என்றால் 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றுதல் சட்டமும், மற்ற புறம்போக்குகளுக்கு 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டமும் இருக்கின்றன. அளப்பது, நோட்டீஸ் கொடுப்பது, எடுப்பது எல்லாம் அதிகாரிகளின் வேலை. ஊரின் வேலை, மனுவைக் கொடுத்து விடாமல் பின்தொடர்வது. அளந்து கல் நட்டுவிட்டாலே, ஓரமாக நாலு அடி உழுது வைத்தவர்கள் பலர் தாமாகவே விலகிக்கொள்வார்கள்.

5. மேட்டில் மண்ணைத் தடுங்கள், தண்ணீரை விடுங்கள்

முதல் மண்வேலை மேட்டில்தான். அங்கே மண் அரிப்பு நிற்காதவரை, கீழே அள்ளிய வண்டல் சில மழைக்காலங்களில் திரும்பி வந்துவிடும்.

சிற்றோடைகளில், அங்கேயே கிடக்கும் கற்களை அடுக்கித் தடுப்பு கட்டுங்கள். ஒரு மீட்டருக்கு மேல் உயரம் வேண்டாம். நடுப்பகுதி இரு ஓரங்களைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். இல்லையென்றால் வெள்ளம் ஓரத்தை அறுத்துக்கொண்டு போகும். கல்லுக்கு இடையே சிமென்ட் பூச வேண்டியதில்லை. தண்ணீர் கசிந்து போகட்டும், மண் மட்டும் தங்கட்டும். ஓடையின் மேல் நுனியில் தொடங்கிக் கீழே வாருங்கள். கீழே முதலில் கட்டினால் முதல் வெள்ளத்தின் முழு வேகமும் ஒரே தடுப்பின் மேல் விழும்.

மலைச்சரிவு முழுக்க அகழி வெட்டிவிடலாம் என்று ஆர்வத்தில் இறங்குகிறவர்களும் உண்டு. மேட்டுக் கிணறுகளுக்கு அது நல்லதுதான். ஆனால் சிறிய நீர்ப்பிடிப்பில் அளவுக்கு மிஞ்சி வெட்டினால் கண்மாய்க்கு வரும் நீர் குறைந்துபோகும். மண் அரித்து ஓடும் சரிவில் மட்டும் வெட்டுங்கள். புல் பிடித்த சரிவை அப்படியே விட்டுவிடுங்கள். சில மாதம் மேய்ச்சலை வேறு பக்கம் திருப்பினாலே புல் தானாக ஏறிவிடும். செலவே இல்லாத வேலை அது.

6. வரத்துக்கால்: இங்கேதான் அதிக நாள் செலவிட வேண்டும்

பல கண்மாய்களின் நோய் இங்கேதான் இருக்கிறது. முழு நீளத்துக்கும் மட்டம் பார்க்காமல் மண்வெட்டியை எடுக்காதீர்கள்.

மட்டம் பார்க்க விலை உயர்ந்த கருவி தேவையில்லை. கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் லெவல் போதும். 30 மீட்டரைவிடச் சற்று நீளமான, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டியூபில் தண்ணீர் நிரப்பி, காற்றுக் குமிழி ஒன்றுகூட இல்லாமல் பாருங்கள். ஒருவர் மேல்பக்கமும் இன்னொருவர் கீழ்பக்கமும் குச்சியை வாய்க்கால் தரையில் நிறுத்தி, டியூபை அதில் பிடிக்க வேண்டும். இரண்டு முனையும் திறந்தபடி, தண்ணீர் ஆட்டம் நின்ற பிறகு, தரையிலிருந்து நீர்மட்டம் வரை அளந்து பாருங்கள். மேலே 110 சென்டிமீட்டர், கீழே 116 என்றால் அந்த 30 மீட்டரில் தரை 6 சென்டிமீட்டர் இறங்குகிறது. சரி. கீழே 104 என்று வந்தால், கண்மாய் பக்கம் போகப் போக வாய்க்கால் ஏறுகிறது. தண்ணீர் அங்கே நின்றுவிடும். ஒவ்வொரு 30 மீட்டருக்கும் ஒரு முளை அடித்து, எண் போட்டு, அளவை நோட்டில் எழுதுங்கள். தண்ணீர் எப்படியும் ஓடும் என்று கண்ணளவில் வெட்டுவதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் பிழை.

அளந்து வரும்போது, வாய்க்காலைக் கடக்கும் சாலைகளில் நின்று பாருங்கள். சாலையை அகலப்படுத்தும்போது போட்ட குழாயின் அடி, வாய்க்கால் தரையைவிட ஓர் அடி உயரத்தில் இருக்கும். மேல்பக்கம் குட்டைபோல நீர் தேங்கி, பாசி படிந்து, நாணல் முளைத்திருக்கும். கீழ்பக்கம் வெடித்துக் கிடக்கும். இந்த ஒரு குழாயைச் சரிசெய்யாமல் மற்ற எல்லாவற்றையும் செய்தாலும் பயன் இல்லை. முளை அளவுகளையும் மழைநாளில் எடுத்த படத்தையும் வைத்து அந்தச் சாலைக்குப் பொறுப்பான துறைக்கு மனு கொடுங்கள். அளவு எழுதிய மனுவைத் தட்டிக்கழிப்பது கடினம்.

கல் தடுப்பை மேலிருந்து கீழே கட்டச் சொன்னேன். வரத்துக்காலை வெட்டுவது அதற்கு நேர்மாறு: கண்மாய் வாயிலிருந்து மேல்நோக்கி வெட்டிக்கொண்டு போங்கள். நடுவில் கோடை மழை வந்தாலும் வெட்டிய பகுதியில் நீர் தடையில்லாமல் கண்மாய்க்குள் போய்விடும். மேலிருந்து வெட்டிப் பாதியில் நின்றால், வந்த வெள்ளம் பக்கத்துப் புஞ்சைக்குள் பாயும்.

வாய்க்காலின் பழைய தரையோடு நிறுத்துங்கள். ஆழம் கூட்டினால், பக்கத்தில் வந்து சேரும் ஓடைகள் அந்தப் பள்ளத்துக்கு ஈடாகத் தம் தரையை அரித்துக்கொண்டு இறங்கும். அந்த மண் முழுவதும் கண்மாய்க்குத்தான் வரும். ஆழமாக்கினால் மணல் கிடைக்கும் என்று யாராவது யோசனை சொன்னால் அவரை வேலையிலிருந்து தள்ளிவையுங்கள்.

பக்கங்களை நெட்டுக்குத்தாக வெட்டாமல் சரிவாக வெட்டுங்கள். எடுத்த மண்ணை விளிம்பிலேயே போடாமல் தள்ளிப் போட்டு, வயல்நீர் உள்ளே வர அங்கங்கே இடைவெளி விடுங்கள். இடைவெளி இல்லாத மண்மேடு வயலில் தண்ணீரைத் தேக்கும்; நிலத்துக்காரர் இரவோடு இரவாக மண்ணைத் திரும்ப வாய்க்காலுக்குள் தள்ளிவிடுவார்.

கண்மாய்க்குள் நுழையும் முன் அகலமான ஒரு வண்டல் குழி எடுத்துவிடுங்கள். நீரின் வேகம் அங்கே தணிந்து பருமண் படியும். ஆண்டுக்கு ஒருமுறை அந்தக் குழியை மட்டும் அள்ளுவது எளிது.

7. சீமைக்கருவேலத்தை வேரோடு எடுங்கள்

அடியோடு வெட்டினாலும் சீமைக்கருவேலம் பக்கத்தில் பத்துக் கிளையாகத் துளிர்க்கும். அதனால் வேரோடு பிடுங்குவதற்குத்தான் இயந்திரம் வேண்டும். விறகுக்கு ஏலம் விட்டால் வெட்டிக்கொண்டு போவார்கள், அடிக்கட்டை தங்கிவிடும். ஏல நிபந்தனையிலேயே ‘தூரோடு எடுக்க வேண்டும்’ என்று எழுதுங்கள். கரையில் உள்ள மரங்களை மட்டும் பொறியாளரைக் கேட்காமல் பிடுங்க வேண்டாம். வேர் போன ஓட்டை நீருக்கு வழியாகிவிடும்.

ஆடுமாடு காயைத் தின்று சாணத்தில் விதையைப் பரப்பும். ஆகவே முதல் மழைக்குப் பிறகு முளைக்கும் கன்றுகளை, மண் ஈரமாக இருக்கும்போதே கையால் பிடுங்கிவிட ஒரு நாள் குறித்துவையுங்கள். இந்த ஒரு நாளை விட்டுவிட்டால் செய்த செலவு வீண். நாட்டுக் கருவேலத்தையும் சேர்த்து அழித்துவிடாதீர்கள். கொக்கும் நாரையும் அதில்தான் அடையும்.

8. இப்போதுதான் உள்வாய்

வைகாசி, ஆனியில் உள்வாய் நன்றாகக் காய்ந்திருக்கும். முதலில் பத்துப் பதினைந்து இடங்களில் கடப்பாரையால் சோதனைக் குழி எடுங்கள். மேலே வழுவழுப்பான வண்டல், அடியில் இறுகிய பழைய தரை என்று நிறமும் கெட்டியும் மாறும் இடம் தெரியும். அந்தப் பழைய தரைதான் தண்ணீரைத் தாங்கிப் பிடித்திருக்கிறது. அதைக் கிழித்து மணல் தெரியும் வரை தோண்டினால், கண்மாய் தை மாதத்திலேயே வற்றிவிடும். ஒவ்வொரு குழியிலும் எவ்வளவு வண்டல் என்று குச்சியில் குறித்து நட்டுவையுங்கள். ஜேசிபி ஓட்டுநர் அதற்குக் கீழே வாளியை இறக்கக் கூடாது.

மடையின் அடிமட்டத்துக்குக் கீழே சேரும் நீர் வயலுக்குப் பாயாது. கால்நடைக்கும் நிலத்தடி நீருக்கும் உதவும், அவ்வளவுதான். எனவே முதலில் மடை முகப்பையும், அதற்கு நீரைக் கொண்டுவரும் உள்வாய்க்காலையும் சுத்தம் செய்து, சரிவு மடையை நோக்கி இருக்கும்படி அள்ளுங்கள். கரையின் அடியை ஒட்டித் தோண்டவே கூடாது. கரை உட்பக்கம் சரிந்துவிடும். எவ்வளவு தள்ளி என்பதைத் துறைப் பொறியாளர் சுண்ணாம்புக் கோடு போட்டுத் தரட்டும். செங்குத்தான குழிகளை எங்கும் விடாதீர்கள். நிரம்பிய பிறகு குளிக்க வரும் பிள்ளைகளுக்கு அந்த ஆழம் வெளியே தெரியாது. உயிர் போயிருக்கிறது.

வண்டல் போகும் வழியில் ஒருவர் நோட்டோடு உட்காரட்டும்: தேதி, வண்டி எண், யாருடைய வயல், எந்தச் சர்வே எண். வண்டல் என்ற பெயரில் பள்ளம் நிரப்பப் பயன்படும் சவுடு மண் வெளியே விற்கப்படுவது இங்கேதான் நடக்கும். சாக்கடையோ ஆலைக்கழிவோ கலந்த கண்மாய் என்றால், அந்த வண்டலைப் பரிசோதிக்காமல் வயலில் கொட்ட வேண்டாம்.

9. கரை, மடை, கலுங்கு

உள்வாயில் அள்ளிய வண்டலைக் கரையில் கொட்டி உயர்த்துவது பலரும் செய்யும் தவறு. வெயிலில் அது வெடிக்கும், அந்த வெடிப்பில் நீர் இறங்கும். கரைக்குத் தகுந்த மண்ணைச் சாண் உயரத்துக்குப் பரப்பி, நனைத்து, உருளை ஓட்டி, அதன் மேல் அடுத்த படலம் போட வேண்டும்.

மடையைச் சுற்றித் தெளிந்த நீர் கசிந்தால் கவனித்துக்கொண்டே இருங்கள். கலங்கலாகக் கசிந்தால் உள்ளே மண் கரைகிறது என்று பொருள். அன்றே துறைக்குச் சொல்ல வேண்டும். கூடுதல் நீர் தேக்கலாம் என்று கலுங்கின் மேல் மணல்மூட்டை அடுக்காதீர்கள். கலுங்கு உயரம் கூடினால் வெள்ளம் கரையைத் தாண்டும், கரை உடையும். கலுங்குக்குக் கீழே போகும் வாய்க்காலையும் சேர்த்தே சுத்தம் செய்யுங்கள்.

10. பனை விதை

புரட்டாசியில் கரையின் வெளிப்புற அடியிலும் வரத்துக்கால் ஓரங்களிலும் பத்தடிக்கு ஒன்று ஊன்றுங்கள். கரை மேல் வேண்டாம், பராமரிப்புக்கு வண்டி போக வேண்டும். பனை முதலில் பூமிக்குள் இறங்கிவிட்டுத்தான் மேலே இலை விடும். மாதக்கணக்கில் ஒன்றும் தெரியாது. முளைக்கவில்லை என்று தோண்டிப் பார்த்துக் கெடுத்துவிடாதீர்கள்.

11. முதல் மழை இரவும் அதற்குப் பிறகும்

மண்வேலை புதிதாக இருப்பதால் முதல் பெரிய மழைதான் ஆபத்தானது. டார்ச், மண்வெட்டி, நிரப்பிய மணல்மூட்டைகள் ஆகியவற்றோடு இரண்டு இரண்டு பேராகக் கரையையும் வரத்துக்காலையும் முறைபோட்டுக் கவனியுங்கள். மூட்டைகள் கரையில் உடைப்பு எடுத்தால் அடைக்க. கலுங்கில் வைக்க அல்ல. துறைப் பொறியாளர், கிராம நிர்வாக அலுவலர், கீழூர்ப் பொறுப்பாளர் மூவரின் எண்களும் எல்லோர் போனிலும் இருக்கட்டும்.

மடைச்சுவரில் அடிக்கணக்கு எழுதி, வாரம் ஒருமுறை நீர்மட்டத்தைக் குறியுங்கள். ஆயக்கட்டில் நாலைந்து கிணறுகளைத் தேர்ந்தெடுத்து, காலையில் மோட்டார் போடும் முன் கயிறு விட்டு அளந்து, பக்கத்தில் எழுதுங்கள். இதைப் பள்ளிப் பிள்ளைகள் நன்றாகச் செய்வார்கள். பெரியவர்களைவிட ஒழுங்காகவும் எழுதுவார்கள். கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கும்போது மட்டும் பெரியவர் ஒருவர் கூட நிற்கட்டும்.

ஒவ்வொரு சித்திரையிலும் வண்டல் குழியை அள்ளுவது, கல் தடுப்புகளில் சரிந்த கற்களை எடுத்து வைப்பது, முளைகளுக்கு இடையே மட்டத்தை மீண்டும் பார்ப்பது என்று மூன்று வேலை இருக்கும். அதற்கான பணத்தை மீன் குத்தகைத் தொகையிலிருந்து ஒதுக்க முடியுமா என்று, குத்தகை யாருடைய பொறுப்போ அவர்களிடம் பேசி முதல் ஆண்டுத் தீர்மானத்திலேயே சேர்த்துவிடுங்கள். கண்மாய் நிரம்பிய பிறகு வசூலுக்குப் போனால் யாரும் தரமாட்டார்கள்.